பழைய கார் நின்ற இடத்தில் நடுங்குகிறதா, மிதித்தால் தயங்குகிறதா? எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, நாகப்பட்டினம் பக்கம் இன்றும் மாருதி 800, ஆம்னி, ஜென், சான்ட்ரோ, ஏன் அம்பாசடர்கூட அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்த வண்டிகளுக்கு வரும் புகார்களில் இரண்டு மிகச் சாதாரணம். ஒன்று, ரயில்வே கேட்டில் நிற்கும்போது இன்ஜின் குலுங்குவது, சில சமயம் ஆஃப் ஆகிவிடுவது. மற்றொன்று, ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் பிடித்து இழுத்துவிட்டுப் பிறகு குதித்துக்கொண்டு போவது. பட்டறையில் முதலாவதை மிஸ்ஸிங் என்பார்கள், இரண்டாவதைப் பிக்கப் இல்லை என்பார்கள். இரண்டுக்கும் காரணம் பல நேரம் ஒன்றாகவே இருக்கும்.

சோதிக்காமல் பாகம் மாற்றுவதில்தான் பணம் கரைகிறது. பிளக் மாற்றி, காயில் மாற்றி, கார்புரேட்டரையே மாற்றியும் நடுக்கம் போகாத வண்டியில் கடைசியில் பார்த்தால் ஐம்பது ரூபாய் ரப்பர் குழாய் ஒன்று வெடித்திருக்கும். அதனால் இங்கே சொல்லும் வரிசை செலவில்லாத சோதனையில் தொடங்கிச் செலவுள்ளதை நோக்கிப் போகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியாது.

கையில் இருக்க வேண்டியவை: பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), சாதாரண மல்டிமீட்டர், ரப்பர் பிடி போட்ட குறடு, தண்ணீர் அடிக்கும் ஸ்ப்ரே பாட்டில், கண்ணாடி பாட்டில் ஒன்று, குறித்துக்கொள்ள ஒரு நோட்டு.

எப்போது வருகிறது?

பானெட்டைத் திறக்கும் முன் நோட்டில் எழுதுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டுமா, சூடான பிறகா? ஏ.சி. போட்டால் மட்டுமா? மழை பெய்த மறுநாளா? பெட்ரோல் போட்ட உடனா? லேசாக மிதிக்கும்போதா, முழுசாக மிதிக்கும்போதா?

இந்தப் பதில்கள் பாதி வேலையை முடித்துவிடும். ஐடிலிங்கில், அதாவது மிதிக்காமல் நின்றபடி ஓடும்போது மட்டும் நடுங்கி, வேகம் எடுத்தால் சீராக ஓடினால் ஏர் லீக் (காற்று ஒழுகல்), ஐடில் ஜெட் (கார்புரேட்டரில் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை), டேப்பட் (வால்வைத் திறக்கும் பாகத்தின் இடைவெளி) ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். ஐடிலிங் சீராக இருந்து, சுமை ஏறும்போது மட்டும் திணறினால் பெட்ரோல் வரத்து போதவில்லை, அல்லது ஸ்பார்க் பலவீனம். ஈரத்தில் மட்டும் வந்தால் கிட்டத்தட்ட நிச்சயமாக ஹெச்.டி. ஒயர் (பிளக்குக்கு உயர் வோல்ட் கரண்ட் கொண்டுபோகும் தடித்த ஒயர்) அல்லது டிஸ்ட்ரிபியூட்டர் (அந்தக் கரண்டைச் சிலிண்டர்களுக்கு முறை வைத்துப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) மூடி.

டெல்டாவில் ஒரு சிக்கல் உண்டு. தரை முழுக்கச் சமம். இன்ஜினுக்குச் சுமை கொடுத்துப் பார்க்க மேடே கிடையாது. அதற்கு மாற்றாக ஆள் நடமாட்டம் இல்லாத பைபாஸ் பகுதியில் நான்காவது கியரில் 35 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே மெதுவாக முழுசாக மிதியுங்கள். பலவீனமான ஸ்பார்க் இருந்தால் அப்போது வெட்டி வெட்டி இழுப்பது தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு பழுது பார்த்த பிறகும் இதே இடத்தில், இதே கியரில் பாருங்கள்.

இன்னொன்று: நடுக்கமெல்லாம் மிஸ்ஸிங் அல்ல. சைலென்சர் வாய்க்கு நேராக ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள். புகை ஒரே தாளத்தில் தள்ளினால் இன்ஜின் ஒழுங்காக எரிகிறது. ஸ்டியரிங்கும் சீட்டும் மட்டும் நடுங்குவதற்கு இன்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கலாம். தாளம் தவறித் தவறி வந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் எரியவில்லை. இடையிடையே தாளைச் சைலென்சர் உள்ளே இழுத்தால் வால்வு எரிந்துபோன சந்தேகமும் சேர்கிறது.

கண்ணால் பார்ப்பது

தை அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் வீட்டுப் பக்கம் வரும், சூடான பானெட்டுக்குள் படுக்கும். அவை கடிப்பது பெரும்பாலும் மெல்லிய ஒயரையும், இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுவை போகும் ரப்பர் வாக்குவம் குழாயையும்தான். ஒவ்வொரு குழாயையும் விரலால் வளைத்துப் பாருங்கள். வளைத்தால் மட்டும் வாய் பிளக்கும் விரிசல் நிறைய உண்டு. நேராக இருக்கும்போது கண்ணுக்கே தெரியாது. குழாயின் முனைதான் முதலில் தளரும். நீளம் மிச்சம் இருந்தால் முனையில் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் திரும்ப மாட்டினாலே போதும்.

பிறகு ஏர் ஃபில்டர். அறுவடைக் காலத்தில் சாலையில் நெல்லும் வைக்கோலும் பரப்பியிருப்பதன் மேல் ஓட்டியிருந்தால் ஃபில்டர் பெட்டிக்குள் சுணையும் தூசியும் அடைந்திருக்கும். வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து ஒளி வரவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். அப்படியே வண்டிக்குக் கீழேயும் குனிந்து பாருங்கள். சைலென்சர் குழாயில் சுற்றிக்கொண்ட வைக்கோல் தீப்பிடிக்கும். அதை இன்ஜின் ஆறியதும் எடுத்தே ஆக வேண்டும்.

பேட்டரி முனைகளும் எர்த் ஒயரும் அடுத்தது. நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடங்களில் எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்ட் பச்சை பூத்துக் கிடக்கும். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவிலும், இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரையும் காட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியின் மைனஸ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே மல்டிமீட்டர் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. எர்த் கெட்ட வண்டியில் மற்ற எந்த எலெக்ட்ரிக் அளவையும் நம்ப முடியாது, அதனால்தான் இதை முன்னால் வைக்கிறோம்.

எந்தச் சிலிண்டர்?

கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள வண்டியில் இன்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, ரப்பர் பிடிக் குறடால் பிளக் தொப்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். கழற்றியதும் இன்ஜின் இன்னும் மோசமாகத் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் நல்லது. எந்தத் தொப்பியைக் கழற்றியும் வித்தியாசம் தெரியவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் சும்மா இருக்கிறது. மூன்று சிலிண்டர் கொண்ட மாருதி 800-ல் ஒன்று செத்தாலே வண்டி ஆட்டம் போடும். நான்கு சிலிண்டர் வண்டியில் அவ்வளவு பளிச்சென்று தெரியாது, அங்கே இந்தச் சோதனை கட்டாயம்.

கழற்றிய தொப்பியை அந்தரத்தில் விடாதீர்கள். ஒரு பழைய பிளக்கை அதில் செருகி, பிளக்கின் உலோகப் பகுதி இன்ஜினைத் தொடும்படி வையுங்கள். இல்லாவிட்டால் ஷாக் அடிக்கும், எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்யூலும் கெடலாம். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் பெட்ரோல் பீச்சும் வண்டியில், பிளக் தொப்பியைத் தொட வேண்டாம். இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். தொப்பியைக் கழற்றினால் எரியாத பெட்ரோல் சைலென்சரில் இருக்கும் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டுக் கெடுக்கும்.

எல்லாச் சிலிண்டரும் ஒரே மாதிரி பதில் சொன்னால் குறை பொதுவானது: காயில், ஏர் லீக், பெட்ரோல், டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்). ஒன்று மட்டும் செத்திருந்தால் அந்தச் சிலிண்டரின் பிளக், ஒயர், இன்ஜெக்டர், வால்வு.

கரண்ட் பக்கம்

பிளக்குகளைக் கழற்றி, எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்ற வரிசை மாறாமல் ஒரு துணியில் அடுக்குங்கள். இளம் பழுப்பு நிறம் நல்லது. காய்ந்த கரி அடைந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய் பூசிய கறுப்பு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு ஸ்டெம் சீல் வழியாக ஆயில் ஏறுகிறது. வெளுத்துக் கொப்பளித்திருந்தால் பெட்ரோல் குறைவு. பெட்ரோலில் நனைந்திருந்தால் அங்கே ஸ்பார்க் வரவில்லை.

பிளக் முனை இடைவெளி, பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிக் காயில் கரண்டைத் துண்டிக்கும் முனைகள்) உள்ள பழைய வண்டிகளில் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர், எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் பெரும்பாலும் 1 மில்லிமீட்டர் அளவு. உங்கள் வண்டிக்கான சரியான எண்ணைக் கையேட்டில் பாருங்கள். மாட்டும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். முதலில் கையாலேயே முழுக்கத் திருகி, புது வாஷர் என்றால் ஸ்பேனரால் இன்னும் அரைச் சுற்று, பழைய வாஷர் என்றால் கால் சுற்று. மாருதியின் சிலிண்டர் ஹெட் அலுமினியம். மரை சாய்ந்து ஏறினால் பெரிய செலவு.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரும் மிஸ்ஸிங்குக்கு ஒரு அருமையான சோதனை இருக்கிறது. இருட்டிய பிறகு, விளக்கில்லாத இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு பானெட்டைத் திறந்து, ஹெச்.டி. ஒயர்கள் மேலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மேலும் ஸ்ப்ரே பாட்டிலால் மெல்லிய சாரலாகத் தண்ணீர் அடியுங்கள். ஒயரின் உறை கெட்டிருந்தால் அங்கிருந்து இன்ஜின் பிளாக்குக்கு நீலப் பொறி ஓடும், டிக் டிக் என்று சத்தமும் கேட்கும். எந்த ஒயர் என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம். விரலை மட்டும் வைத்துவிடாதீர்கள், ஆயிரக்கணக்கான வோல்ட் அது.

அணைத்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுங்கள். உட்புறத்தைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்தால், பென்சில் கோடு போல மெல்லிய கறுப்பு ரேகை ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். அது அழுக்கில்லை, கரண்ட் போட்ட பாதை. துடைத்தால் போகாது, மூடியை மாற்றத்தான் வேண்டும். நடுவில் உள்ள கார்பன் முனை ஸ்பிரிங்கில் அழுத்தினால் திரும்பி வர வேண்டும்.

பாயிண்ட் இருந்தால் அதன் முகங்களைப் பாருங்கள். ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு என்றால் கண்டென்சர் சரியில்லை. பாயிண்டை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரம் கருகும். இடைவெளி மாருதி 800-ல் 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர், அம்பாசடரில் 0.35 முதல் 0.4. பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். அதனால் முதலில் பாயிண்ட், பிறகே டைமிங்.

மிதித்த உடன் தயங்கும் வண்டியில் வாக்குவம் அட்வான்ஸ் டயாபிரத்தை (இழுவையால் டைமிங்கை முன்னுக்கு நகர்த்தும் ரப்பர் சவ்வு) மறக்காதீர்கள். அதற்குப் போகும் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சினால் பாயிண்ட் தகடு நகர வேண்டும். நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். காற்று தாராளமாக வந்தால் டயாபிரம் கிழிந்துவிட்டது. பிளக், காயில் என்று மாற்றிக்கொண்டிருப்பவர்கள் பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

காயில் குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருந்து, சூடானால் மட்டும் விட்டுவிடும். ஆகவே அளவைச் சூடாக இருக்கும்போது எடுங்கள். பாயிண்ட் வண்டியின் பழைய வகைக் காயிலில் பிரைமரி ஏறத்தாழ 3 ஓம், பலாஸ்ட் ரெசிஸ்டர் இருந்தால் 1.5 ஓம் பக்கம். செகண்டரி சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டும்; முடிவிலி காட்டினால் உள்ளே அறுந்திருக்கிறது.

தேங்கிய மழைநீரில் போய் வண்டி நின்றுவிட்டால் மட்டும் இந்த வரிசையெல்லாம் வேண்டாம். தண்ணீர் ஏர் ஃபில்டர் வரை ஏறியதா என்று முதலில் பாருங்கள். ஃபில்டர் நனைந்திருந்தால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடிக்கக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் பிஸ்டன் மேலே வர முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டுச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே பிளக் மாட்ட வேண்டும்.

ஏர் லீக்

ஐடிலிங் தானாக ஏறி இறங்கினாலும், எவ்வளவு செட் செய்தும் குறையாமல் நின்றாலும் அளக்கப்படாத காற்று எங்கோ உள்ளே போகிறது. இன்ஜின் ஓடும்போது, தடித்த வாக்குவம் குழாய்களைத் துணி சுற்றிய குறடால் ஒவ்வொன்றாக அமுக்கிப் பிடியுங்கள். ஒன்றை அமுக்கியதும் ஐடிலிங் நிமிர்ந்தால் அந்தக் குழாயோ அது போய்ச் சேரும் பாகமோதான் குற்றவாளி. பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயை அமுக்கியதும் சரியானால், பிரேக் பெடலும் கடினமாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் பூஸ்டர் டயாபிரம் கிழிந்திருக்கிறது. அதைத் தள்ளிப்போடாதீர்கள், பிரேக் சம்பந்தப்பட்டது.

இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டைச் சோதிக்கத் தண்ணீர்ச் சாரலே போதும். சேரும் இடங்களில் அடிக்கும்போது இன்ஜின் சத்தம் மாறினால் அங்கே ஒழுகல். இதற்குக் கார்புரேட்டர் கிளீனர் அடிப்பவர்கள் உண்டு. ஹெச்.டி. ஒயரில் பொறி ஓடும் வண்டியில் அது தீயில் முடியும்.

வாக்குவம் கேஜ் கிடைத்தால் இன்னும் நல்லது. டெல்டா கடல் மட்டத்தை ஒட்டியிருப்பதால் கையேட்டின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: ஐடிலிங்கில் 17 முதல் 21 இன்ச் (பாதரச அளவு) வரை, முள் அசையாமல். குறைந்து நிலையாக நின்றால் ஏர் லீக் அல்லது டைமிங் பின்தங்கல். ஒழுங்கான தாளத்தில் முள் விழுந்து விழுந்து எழுந்தால் ஒரு வால்வு.

பெட்ரோல்

இங்கே வேலை செய்யும்போது திறந்த வெளி, பக்கத்தில் தீயணைப்பான், சிகரெட் கிடையாது. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் லைனைக் கழற்றும் முன் இன்ஜின் ஓடும்போதே பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, தானாக ஆஃப் ஆகும்வரை விடுங்கள். லைனில் உள்ள அழுத்தம் இறங்கிவிடும்.

முதலில் தண்ணீர். ஃபில்டருக்கு முன்னால் குழாயைக் கழற்றி அரை லிட்டர் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காக ஏதாவது நின்றால் டேங்கை இறக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கும், பம்ப் அதைத்தான் முதலில் உறிஞ்சும். மாதக் கணக்கில் நிற்கும் வண்டியில், அதிலும் மழைக்காலத்தில், இது வர வாய்ப்பு அதிகம். பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்கள் எத்தனாலில் மெத்தென்று ஊறிப் பிளக்கும்; மாற்றும்போது எத்தனாலைத் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். டேங்கின் பழைய படிவும் கரைந்து ஃபில்டரை அடைக்கும் என்பதால் இ20-க்கு மாறிய பழைய வண்டியில் ஃபில்டரைச் சீக்கிரமே ஒருமுறை மாற்றுவது நல்லது. அம்புக்குறி இன்ஜினை நோக்கி இருக்க வேண்டும்.

மெக்கானிக்கல் பம்ப் என்றால் கார்புரேட்டருக்குப் போகும் குழாயை பாட்டிலில் விட்டு, காயில் ஒயரைக் கழற்றி, ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பெட்ரோல் விட்டு விட்டு வேகமாகப் பீச்ச வேண்டும். குமிழ் குமிழாக வந்தால் பம்புக்கு முன்னால் எங்கோ காற்று இழுக்கிறது. சித்திரை வெயிலில் மட்டும் வரும் தயக்கத்துக்குப் பம்ப் மேல் நனைந்த துணியைப் போட்டுப் பாருங்கள். சரியானால் லைனில் பெட்ரோல் ஆவியாகிறது. சைலென்சர் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் குழாயை விலக்கிக் கட்டுங்கள்.

கார்புரேட்டர்

டேஷ்போர்டில் சோக் இழுவை இருந்தால் உங்களுடையது கார்புரேட்டர் வண்டி. சூடான இன்ஜினில் சோக்கைக் கொஞ்சம் இழுத்ததும் நடுக்கம் குறைந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள்: ஏர் லீக் அல்லது ஜெட் அடைப்பு. இழுத்ததும் இன்னும் மூச்சு திணறினால் ஏற்கெனவே பெட்ரோல் அதிகம்: கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட் (மிதவை), அதோடு சேர்ந்து மூடும் நீடில் வால்வு.

இன்ஜினை அணைத்து, ஃபில்டர் மூடியைத் திறந்து கார்புரேட்டர் வாயைப் பார்த்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் லீவரைக் கையால் சட்டென்று இழுங்கள். ஒரு தெளிவான பெட்ரோல் கோடு பாய வேண்டும். சொட்டினாலோ வராவிட்டாலோ ஆக்சிலரேட்டர் பம்ப் டயாபிரம் போய்விட்டது. மிதித்தவுடன் தயங்குவதற்கு இதுவே நேரடிக் காரணம். ரிப்பேர் கிட் மலிவுதான்.

ஆக்சிலரேட்டரை விட்டால் உடனே ஆஃப் ஆகும் வண்டியில், கார்புரேட்டரில் ஒயர் போட்ட கட்-ஆஃப் சோலினாய்டு இருந்தால் சாவியை ஆன், ஆஃப் செய்து டிக் என்ற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். சத்தமில்லை என்றால் ஃபியூஸும் ஒயரும் பாருங்கள். சத்தம் வந்தும் ஐடிலிங் பிடிக்கவில்லை என்றால் ஐடில் ஜெட்டைக் கழற்றிக் காற்றடியுங்கள். உள்ளே கம்பி விட்டுக் குத்தக் கூடாது. துளை பெரிதானால் அந்த ஜெட் அதோடு முடிந்தது.

பெட்ரோல், காற்றுக் கலவையை மாற்றும் மிக்ஸர் ஸ்க்ரூவைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். மெதுவாக உட்கார்ந்த உணர்வு வரும்வரை உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள். இறுக்கினால் ஊசி முனை நசுங்கும். அங்கிருந்து இரண்டு முதல் இரண்டரைச் சுற்று வெளியே எடுத்து, சூடான இன்ஜினில் சத்தம் அதிக வேகமாகவும் சீராகவும் கேட்கும் இடத்தில் நிறுத்தி, ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தை 800, 900 ஆர்.பி.எம். பக்கம் இறக்குங்கள். ஏர் லீக் இருக்கும் வண்டியில் இதைச் செய்து பயனில்லை, மறுநாளே பழைய கதைதான்.

எம்.பி.எஃப்.ஐ.

டேஷ்போர்டில் செக் லைட் எரிந்தால், வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் எரர் கோட் எண்ணைப் படியுங்கள். 2013-க்குப் பிந்திய வண்டிகளில் சாதாரண ஓ.பி.டி. ஸ்கேனர் போதும், அதற்கு முந்தியவற்றில் பலவற்றுக்கு அந்தக் கம்பெனிக்கான ஸ்கேனர் உள்ள பட்டறை வேண்டும். பி0301 என்றால் முதல் சிலிண்டர் மிஸ்ஸிங், பி0171 என்றால் பெட்ரோல் குறைவு. அந்த எண் பாகத்தின் பெயரைச் சொல்வதாக நினைத்து ஆக்சிஜன் சென்சாரை வாங்கிவிடாதீர்கள். பி0171-க்கு மேலே சொன்ன வாக்குவம் குழாயே போதுமான காரணம்.

மிதித்தால் திறந்து காற்றை விடும் த்ராட்டில் பாடியில் கரி படிந்தால் ஐடிலிங் தாழ்ந்து, ஏ.சி. போட்டால் ஆஃப் ஆகும். இன்ஜினை அணைத்து, கிளீனரைத் துணியில் அடித்துத் தகட்டின் ஓரத்தைத் துடையுங்கள். மிதி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் தயங்கினால் த்ராட்டில் சென்சார். மல்டிமீட்டரை மாட்டி மெதுவாகத் திறந்தால் ஏறத்தாழ 0.5 வோல்ட்டிலிருந்து 4 வோல்ட்டுக்கு மேல்வரை தடங்கலின்றி ஏற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் பொத்தென்று விழுந்தால் அந்தத் தடம் தேய்ந்துவிட்டது. சூடான பிறகும் கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் இருந்தால் கூலன்ட் சென்சாரை அளந்து பாருங்கள்: பல வண்டிகளில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம். சூடாகியும் எண் இறங்காவிட்டால் கம்ப்யூட்டர் இன்ஜின் இன்னும் குளிரில் இருப்பதாக நினைத்துப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தும்

அப்போது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் தரும் அழுத்தம். இன்ஜினைச் சூடாக்கி, எல்லாப் பிளக்கையும் கழற்றி, காயில் இணைப்பையும் எம்.பி.எஃப்.ஐ. என்றால் பம்ப் ஃபியூஸையும் எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை ஒருவர் முழுசாக மிதித்திருக்க, கேஜை மாட்டி ஸ்டார்ட்டரை ஐந்தாறு சுற்று விடுங்கள். பெட்ரோல் இன்ஜினில் 150 பி.எஸ்.ஐ. பக்கமோ அதற்கு மேலோ வருவது நல்லது, ஆனால் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசமே முக்கியம்: 15 பி.எஸ்.ஐ.க்குள் இருக்க வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் ஒன்றாகக் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்.

ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன் டேப்பட் இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். எல்.பி.ஜி.யில் ஓடிய ஆம்னிகளில் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கை தேய்ந்து இடைவெளி சுருங்கும். வால்வு முழுசாக மூடாமல் ஐடிலிங்கில் நடுங்கும், வேகத்தில் ஓரளவு சரியாகும். சீக்கிரம் பிடித்தால் ஃபீலர் கேஜ் வேலையோடு முடியும். விட்டால் வால்வு எரியும். பட்டறைக்குப் போகும்போது நோட்டையும் கொண்டுபோங்கள்: எப்போது வருகிறது, எந்தச் சிலிண்டர், ஒவ்வொன்றின் கம்ப்ரஷன் எண், எதை ஏற்கெனவே மாற்றியாயிற்று. நல்ல மெக்கானிக் அதைப் பார்த்ததும் நேராக அந்தச் சிலிண்டருக்குப் போவார்.